அமாவாசை அன்று கேட்ட வேட்டு

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாறை மேல் ஒரு கர்வம் உண்டு. மழை அளந்து பெய்கிற சீமை. ஆறு என்று சொல்லிக்கொள்ள நொய்யல் ஒன்று, அதிலும் பாதி வருஷம் மணல்தான். ஆனால் இரண்டு ஆள் ஆழம் மண்ணைத் தோண்டினால் பாறை தட்டும். கடலோரத்தில் இருப்பவன் புயலுக்குப் பயப்படட்டும், ஆற்றோரத்தில் இருப்பவன் வெள்ளத்துக்குப் பயப்படட்டும், பாறை மேல் உட்கார்ந்திருக்கிற நமக்கு என்ன குறை என்று பேசிக்கொள்வார்கள். எனக்கும் அந்தக் கர்வம் இருந்தது. என் கல்யாணம் பேசிய வருஷத்தில் அது போயிற்று.

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, வண்டித் தடத்தில் ஒரு மைல் உள்ளே போனால் எங்கள் தோட்டம். நான் ஐந்தாவது வரை படித்தவள். அப்பா கோயமுத்தூருக்குப் பருத்தி வண்டி கட்டிக்கொண்டு போனால் திரும்பும்போது பழைய செய்தித்தாள் கொண்டுவருவார். சாமான் சுற்றி வந்த தாளானாலும் சரி, அதை எழுத்துக்கூட்டாமல் வாசித்துக் காட்டுவது என் பெருமை. அந்தத் தை மாதம் வந்த தாளில் வடக்கே பீகார் சீமையில் பூமி அதிர்ந்து ஊர் ஊராக இடிந்து விழுந்த செய்தி இருந்தது. தரை பிளந்து உள்ளே இருந்து மணலும் தண்ணீரும் பீறிட்டதாகப் போட்டிருந்தார்கள். நான் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். அம்மா பருத்தியில் தூசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் மண்ணு மேல ஊடு கட்டுனவங்களுக்கு. நம்ம ஊட்டுக்கு அடியில பாறை. யானை கட்டி இழுத்தாலும் அசையாது" என்றாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சாதாரணமாகவே ஒன்றும் சொல்லாதவர். அதனால் அன்றைக்கு அவர் பேசாமல் இருந்தது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்துக்கும் என் மாமன் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அம்மா அந்த வேலியைத் தாண்டி வாழ வந்தவள். பிறந்த வீடும் புகுந்த வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பெண்களுக்கு வரும் செருக்கு அவளிடம் நிறையவே இருந்தது. மாமன் அவளுக்கு மூன்று வயது இளையவர். தம்பியைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது சாயாது. அவன் வீட்டுக் கோழி வேலி தாண்டினால் திட்டு, தாண்டாவிட்டால் "கோழியைக்கூட அனுப்பமாட்டேங்கறான்" என்று திட்டு.

மாமன் இரண்டு வருஷமாகப் புதுக்கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். பழைய கிணறு வற்றிப்போய்விட்டது. ஆள் மட்டம், இரண்டாள் மட்டம் என்று இறங்கி, பாறையைத் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைத்து உடைத்துக்கொண்டே போனார்கள். தண்ணீர்தான் வரவில்லை. "உன்ற மாமன் பாதாளத்துக்கு வழி வெட்டறானா அம்மணி?" என்று சந்தையில் என்னைக்கூடக் கேலி செய்வார்கள்.

வேட்டு வைப்பதில் ஒரு முறை உண்டு. துளையில் மருந்து போட்டானதும் ஆட்கள் எல்லாரும் மேலே ஏறிவிடுவார்கள். நல்ல தொண்டை உள்ள ஒருவர் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு "வேட்டு... வேட்டேய்..." என்று மூன்று தடவை நான்கு திசைக்கும் கூப்பாடு போடுவார். அதைக் கேட்டதும் நாங்கள் வாசலில் காயும் பானைகளை உள்ளே எடுத்துவைப்போம், கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டுவோம். பிறகு தரை அதிரும். அடுக்குப்பானை கிலுகிலுக்கும். உடனே அம்மா வேலியோரம் போய்த் தம்பியைத் திட்டுவாள். முதலில் கூப்பாடு, அப்புறம் வேட்டு, அப்புறம் திட்டு. இரண்டு வருஷமாக இந்த வரிசை மாறியதே இல்லை.

மாமனும் சளைத்தவரில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து கம்மங்கூழ் குடிக்கும்போது சொல்வார்: "தண்ணி மட்டும் வர்றதா இருந்தா அமாவாசை என்னக்கா, ஆடி நோம்பியன்னைக்குக்கூட வேட்டு வெப்பேன்." அமாவாசையன்று எங்கள் பக்கம் மாடு பூட்டமாட்டார்கள், மண்ணில் கடப்பாரை போடமாட்டார்கள். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் விளையாட்டுப் பேச்சையும் பொன்முடிச்சு மாதிரி முடிந்துவைத்துக்கொள்கிற ஜன்மங்கள் உண்டு, என் அம்மா அதில் ஒருத்தி.

மாசி மாதத்து அமாவாசை. உச்சிப்பொழுது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்காததால் தோட்டமே சத்தமில்லாமல் கிடந்தது. அப்பா சாப்பிட்டுவிட்டு ஆசாரம் என்கிற முன்கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் காயப்போட்ட கம்பைத் துழாவிக்கொண்டிருந்தேன். திடீரென்று "டொம்" என்று ஒரு சத்தம். காலுக்குக் கீழே என்னவோ உருண்டுகொண்டு போன மாதிரி இருந்தது. அடுக்குப்பானைகள் கிலுகிலுத்தன. ஓட்டிலிருந்து மண் உதிர்ந்தது. கட்டுத்தறியில் மாடுகள் எழுந்து நின்றன. எல்லாம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்தான். நான் நிமிர்ந்து பார்த்தபோது அப்பா உட்கார்ந்தபடியே வலது உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி வடக்குச் சுவரைப் பார்த்தார்.

வடக்குச் சுவரில் விட்டத்தடியிலிருந்து தரை வரைக்கும் கோணலாக ஒரு வெடிப்பு. சுண்டுவிரல் உள்ளே போகும்.

"பாத்தீங்களா! அமாவாசைன்னுகூடப் பாக்காம வேட்டு வெச்சுப்போட்டான் என்ற தம்பி!" என்று அம்மா சமையல் கட்டிலிருந்து ஓடிவந்தாள். சுவரைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. பீளமேட்டுப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் கேட்டிருந்தார்கள். பருத்தி வியாபாரம் செய்கிற குடும்பம். பங்குனியில் நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்வது, வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் கிணற்றைப் பார்ப்பார்கள், அடுத்து மாட்டை, அடுத்து சுவரை, கடைசியில் போனால் போகிறதென்று பெண்ணையும் பார்ப்பார்கள். சுவர் பிளந்த வீட்டில் பெண் எடுத்தால் எடுத்த குடும்பமும் பிளக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சுவரில் ஒரு கீறல் விழுந்தாலும் விடிவதற்குள் சாணமோ சுண்ணாம்போ போட்டு மூடிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள்.

அம்மா வேலியோரம் போய்க் கத்தினாள். மாமனும் அந்தப் பக்கமிருந்து அவசரமாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நானே கேக்கலாம்னு வாரேன். உங்க தோட்டத்துல என்ன சத்தம்? என்ற கெணத்துல ஒரு பக்கம் கல்லுச் சரிஞ்சு கெடக்குது."

"வேட்டு வெச்சவன் நீ. என்னயக் கேக்கறியா?"

"அமாவாசையன்னைக்கு நான் கெணத்துப் பக்கமே போகலீங்கக்கா."

"நீ சொன்னவன்தானே, ஆடி நோம்பிக்கே வெப்பேன்னு!"

மறுநாள் காலையில்தான் பெரிய கேடு வந்தது. மாமன் கிணற்றில் தண்ணீர் தேங்கி நின்றது. சரிந்த கல்லுக்குப் பின்னால் பாறையில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து கைத்தடி மொத்தத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் காத்திருந்த மனிதர். முதல் தண்ணீரை ஒரு சொம்பில் மோந்துகொண்டு, முந்தின நாள் சண்டையை மறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அக்காவிடம் ஓடிவந்தார். எந்தக் கிணற்றிலும் முதல் தண்ணீரைக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கொடுப்பது வழக்கம்.

அவர் வந்த நேரத்தில் நாங்கள் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒரே ராத்திரியில் ஆள் மட்டத்துக்கும் மேல் இறங்கிப்போயிருந்தது.

அம்மா சொம்பை வாங்கினாள். அதையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ற ஊட்டுத் தண்ணிய எனக்கே மோந்துட்டு வந்தயா?" என்று சொல்லி அப்படியே அவர் காலடியில் கவிழ்த்தாள். அந்த மண் தண்ணீரை உடனே குடித்துவிட்டது. மாமன் சொம்பைக்கூட வாங்கிக்கொள்ளாமல் திரும்பிப் போனார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அம்மா சொல்வதுதான் சரி என்றும் தோன்றியது. பதினேழு வயதில் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் இருக்க முடியும்.

விஷயம் பிள்ளையார் கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்களிடம் போயிற்று. "கண்ணால காங்கறதும் பொய்யி, காதால கேக்கறதும் பொய்யி, தீர விசாரிக்கறதே மெய்யி" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்துவைத்தார். ஆரம்பித்துவைத்ததோடு சரி. அவர்கள் தீர விசாரித்தது என்னை ஒருத்தியைத்தான்.

"நீதானே அம்மணி வாசல்ல இருந்தே. சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்துது?"

"மாமன் கெணத்துப் பக்கமிருந்துங்க."

"கூப்பாடு கேட்டுதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததால் சொன்னேன் என்று பழியை அவள் தலையில் கட்ட ரொம்ப நாள் முயன்றிருக்கிறேன். அது முழு நிஜமில்லை. அந்த நிமிஷத்தில் கூப்பாடு கேட்ட மாதிரியே எனக்கு இருந்தது. இரண்டு வருஷம் தினமும் கேட்ட குரல் அது. வேட்டுக்கு முன்னால் அது வராமல் இருந்ததே இல்லை.

"கேட்டுதுங்க" என்றேன்.

கூட்டம் மாமனைப் பார்த்தது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மணி பொய் சொல்லாதுங்க. அது கேட்டேன்னு சொன்னா, கேட்டுதுன்னே வெச்சுக்கங்க" என்றார். சுவரை அவரே பூசித் தர வேண்டும், கல்யாணம் முடிகிறவரைக்கும் வேட்டு வைக்கக் கூடாது என்று தீர்ப்பு. சரிங்க என்று ஒப்புக்கொண்டார். எழுந்து போகும்போது அப்பாவிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "செவுத்தப் பூசறதுக்கு ஆள உடறனுங்க மச்சான். ஆனா பேச்சுக் கெட்ட மனுசன் பொண்ணுக்குப் பட்டம் கட்டறது நல்லா இருக்காது. நான் வரலீங்க."

கல்யாணத்தில் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் அவள் மணவறைக்குப் போக முடியும். எனக்கு இருப்பது ஒரே மாமன். அவர் வராத கல்யாணம் நடந்தாலும் நடந்த மாதிரி இல்லை. அதைவிட எனக்கு உறைத்தது வேறு. தண்ணீர் வந்த அந்தக் கிணற்றில் அவர் கவலை பூட்டவே இல்லை. எங்கள் தண்ணீர் என்று சொல்லிவிட்டார்களே, அதனால். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய பயிர் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே கிணறு நிறைந்துகொண்டிருந்தது.

சொன்னபடி கொத்தனாரையும் சுண்ணாம்பையும் அனுப்பிவைத்தார். அன்றைக்கு அம்மா காட்டில் பருத்தி எடுக்கப் போயிருந்தாள். வெடிப்பின் இரண்டு ஓரத்தையும் கொத்தி எடுத்துக்கொண்டிருந்த கொத்தனார் சட்டென்று நிறுத்தினார்.

"ஏனுங்க, இந்தச் செவுரு முன்னாலயே ஒருக்காப் பொளந்திருக்குதுங்களே. பாருங்க, பழைய சுண்ணாம்பு, ஓட்டுச் சில்லு போட்டு அடைச்சிருக்கறாங்க. இப்ப வந்த வெடிப்பு அதுக்குள்ளயேதான் போயிருக்குது."

அப்பா அவரை மோர் குடிக்கச் சொல்லி வெளியே அனுப்பினார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாரே, அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உங்களுக்குத் தெரியுமுங்களா அப்பா?"

பழைய சுண்ணாம்பை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். அவருக்குப் பத்து வயதாம். விடிவதற்கு முன்னால் பூமி அதிர்ந்ததாம். எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினார்களாம். விடிந்து பார்த்தால் இந்தச் சுவர் இதே கோணத்தில் பிளந்திருந்ததாம். "எனக்கு மூத்தது ரண்டு அக்கா, கட்டிக்குடுக்கோணும். என்ற அய்யன் ஒரே நாள்ல பூசிப்போட்டு, இந்தப் பேச்ச வெளிய எடுக்கக் கூடாதுன்னாரு. ஊர்ல எல்லாருமே அப்படித்தான் பூசுனாங்க."

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். அது வேட்டு இல்லைன்னு."

"கை வெச்சப்பவே தெரியும்."

எனக்கு அப்பாவிடம் அதுவரை கோபம் வந்ததில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாமன் அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து நின்றபோது இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இவர் மட்டுமா? அந்தக் கூட்டத்தில் நரைத்த தலைகள் எத்தனை! பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பூசின சுவர், ஒரு கட்டிக்கொடுக்காத பேத்தி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஊரே சேர்ந்தால் முடியும் போலிருக்கிறது.

"கல்யாணம் முடியட்டும் கண்ணு. அப்பறம் மச்சினங்கிட்ட நானே சொல்லிக்கறேன். இப்பச் சொன்னா பூமி பொளந்த ஊடுன்னு அவங்க போயிருவாங்க."

"கல்யாணம் முடிஞ்சா மாமன் பட்டம் கட்ட மறுபடி ஒரு கல்யாணமா பண்ணுவீங்க?" என்றேன். அவர் கொத்தனாரைக் கூப்பிட எழுந்து போனார். எனக்கும் வாய்தான் நீளம். போய் மாமனிடம் 'நான் கூப்பாடு கேட்கவில்லை' என்று சொல்ல எனக்குக் கால் வரவில்லை. சொன்னால் ஊர் முன்னால் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். அப்பா செய்ததையேதான் நானும் செய்தேன், சுண்ணாம்பு மட்டும் இல்லை.

கொத்தனார் பூசினார், ஆனால் பூச்சு நிற்கவில்லை. காய்ந்ததும் வெடிப்பு மயிரிழையாக மேலே தெரிந்தது. உப்புச்சர்க்கரைக்கு நாள் நெருங்கிவிட்டது. அம்மா ஒரு யோசனை செய்தாள். விற்காமல் இருந்த பருத்திப் பொதிகளை வடக்குச் சுவரோடு ஆள் உயரத்துக்கு அடுக்கவைத்தாள். வீடும் செழிப்பாகத் தெரியும், சுவரும் தெரியாது.

வருகிறவர் பருத்தி வியாபாரி என்பதை அவள் மறந்துவிட்டாள்.

பிள்ளை வீட்டு ஒரம்பரை வந்து இறங்கியது. எனக்கு மாமனாராக வரப்போகிறவர் பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. தண்ணீர் குடித்து உட்காருவதற்குள் அவர் கண் பொதிகள் மேல் விழுந்துவிட்டது. பஞ்சைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது என்று பிற்காலத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். எழுந்து போய் ஒரு பொதியின் வாயைப் பிரித்து, ஒரு கொத்து எடுத்து, இரண்டு கைக்கும் நடுவில் இழுத்து இழை நீளம் பார்த்தார். "நல்ல சரக்குங்களே. அடியில இருக்கறதும் இதேதானுங்களா?" என்று மேல்பொதியை அணைத்துப் பிடித்தார். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. நான் கதவிடுக்கில் நின்று அப்பாவைப் பார்த்தேன். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

அவர் எழுந்து வந்து சம்பந்தியோடு சேர்ந்து அந்தப் பொதியை இறக்கினார். அடுத்ததையும் இறக்கினார். யாரும் கேட்காமலே மூன்றாவதையும் இறக்கினார்.

"இந்தச் செவுரு பொளந்திருக்குதுங்க" என்றார். அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "மாசி அமாவாசையன்னைக்குப் பூமி அதிர்ந்துதுங்க. நான் சின்னப் பையனா இருந்தப்பவும் ஒருக்கா அதிர்ந்து இதே எடத்துல பொளந்துது. எங்கய்யன் மறைச்சாரு, நானும் மறைச்சேன். என்ற மச்சினன் வேட்டு வெச்சு ஒடைச்சான்னு ஊரு தீர்ப்புச் சொன்னப்பவும் வாய மூடிட்டு இருந்துட்டனுங்க. அவன் வேட்டே வெக்கலீங்க. இனி உங்க இஷ்டமுங்க."

அம்மாவுக்கும் அது அப்போதுதான் தெரியும். சம்பந்தி சுவரை விட்டத்திலிருந்து தரை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணைக் காட்டி வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை.

"மாசி அமாவாசை, உச்சிப்பொழுதுங்களா?"

"ஆமாங்க."

"எங்க ஊட்டுலயும் பொளந்திருக்குதுங்க" என்றார். "பக்கத்து மில்லுல புது இஞ்சின் ஓட்டிப் பாத்தாங்கன்னு நெனச்சுட்டு, போயி மேனேஜரு கூட ஒரு மணி நேரம் சண்டை போட்டுட்டு வந்தேன். அவரு இஞ்சினே ஓட்டலீங்கறாரு. நான் நம்பல. வெடிப்புக்கு முன்னால அலமாரியத் தள்ளி வெச்சிருக்கறோமுங்க, நீங்க ஊடு பாக்க வாரீங்கன்னு." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முதலில் அவர் மட்டும் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும், "மாமன் எங்கீங்க? அவரில்லாம உப்புச்சர்க்கரை எப்படி மாத்தறது?" என்றார்.

நான் யோசிக்கவில்லை. பட்டுச்சேலையோடு பின்வாசல் வழியாக இறங்கி ஓடினேன். கிளுவை முள்ளில் முந்தானை கிழிந்தது. மாமன் கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே தண்ணீர் தெளிந்து நின்றது.

"மாமா, நான் கூப்பாடு கேக்கலீங்க. அன்னைக்கு யாருமே கூப்பாடு போடல. நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் கண்ணு" என்றார் நிதானமாக. "கூப்பாடு போடறவன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. அவிநாசியில அவன் மச்சாண்டார் ஊட்டு விசேசத்துக்குப் போயிருந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத ஏன் அங்க சொல்லலீங்க மாமா? சொல்லியிருந்தா தீர்ப்பே மாறியிருக்குமே."

"சொல்லியிருந்தா நீ பொய் சொன்னேன்னு ஆயிருக்கும். கட்டிக்குடுக்கற பொண்ணு. என்னயச் சொன்னா ரண்டு வருசத்துல மறந்துருவாங்க. உன்னயச் சொன்னா மறப்பாங்களா?"

பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். அம்மா. அவள் கையில் அந்தச் சொம்பு இருந்தது, அன்றைக்குக் கவிழ்த்த அதே சொம்பு. மன்னிப்பு என்கிற வார்த்தை அவள் வாயில் அதுவரைக்கும் வந்ததில்லை, அன்றைக்கும் வரவில்லை. சொம்பைத் தம்பியிடம் நீட்டினாள்.

"தண்ணி மோந்து குடுடா" என்றாள்.

மாமன் படியில் இறங்கி மோந்துகொண்டு வந்தார். அம்மா நின்றபடியே அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தாள். பாதி கழுத்து வழியாக ஒழுகியது. "உப்பாத்தான் இருக்குது" என்று குறை சொல்லிவிட்டு, முந்தானையால் முதலில் வாயைத் துடைத்தாள், அப்புறம் கண்ணை.

பிற்காலத்தில் படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் கர்வப்பட்ட பாறையிலும் பழைய பிளவுகள் ஓடுகின்றனவாம். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி இந்தச் சீமை முழுக்க அப்படி உண்டாம். நூறு வருஷம், ஆயிரம் வருஷம் அசையாமல் கிடக்குமாம், பிறகு ஒரு நாள் கொஞ்சம் அசையுமாம். எப்போது என்று அவர்களுக்கும் தெரியாதாம். எங்கள் கிணறுகளுக்குத் தண்ணீர் வருவதும் அந்த மாதிரிப் பிளவுகளில்தானாம். அப்படிப் பார்த்தால் நாங்கள் தலைமுறை தலைமுறையாக மருந்து வைத்துத் தேடினது அதைத்தான். கிடைத்தபோது ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டோம். எங்கள் இரண்டு கிணறும் வடக்குச் சுவரும் ஒரே கோட்டில் இருந்தன என்பதை அதன் பிறகுதான் நான் கவனித்தேன். புகுந்த வீட்டில் அலமாரியை விலக்கிவைக்கச் சொல்லி, வெடிப்பைப் பூசாமல் அப்படியே விடச் சொன்னேன். என் பெண்ணைக் கேட்டு வந்தவர்களுக்கு அதை முதலில் காட்டினேன். ஒரு குடும்பம் எழுந்து போயிற்று. அடுத்து வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

வைகாசியில் என் கல்யாணம் நடந்தது. மாமன் கிணற்றுத் தண்ணீரில்தான் விருந்துச் சமையல். அவர் பயிரில் கொஞ்சம் பிழைத்துவிட்டது, கொஞ்சம் போய்விட்டது. புது வேட்டி கட்டிக்கொண்டு, அவர் என் முன்னால் நின்று நெற்றியில் பட்டம் கட்டினார். பாறை உடைத்துக் காய்ப்புக் காய்த்த விரல்கள், நூல் முடிச்சு லேசில் விழவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே அதிர்வேட்டுப் போட்டார்கள். பந்தல் அதிர்ந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமன் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "கூப்பாடு கேட்டுதா கண்ணு?" என்றார்.

"கேக்கலீங்க மாமா" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். பெண் அழுகிறாள், பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.